பழைய பியட்டின் பெட்ரோல் மூடி கசிகிறதா?
கை வைத்தியம் ஆபத்து. இரண்டு அங்குல வாஷர் போதும்

(நமது பகுதி நேர நிருபர்)

மும்பை:

கறுப்பும் மஞ்சளுமாய் மும்பைத் தெருக்களை ஆண்ட பத்மினி டாக்சிகளின் காலம் முடிந்து விட்டது. தார்தேவ் போக்குவரத்து அலுவலகத்தில் 2003 அக்டோபர் 29-ந் தேதி பதிவான வண்டிதான் கடைசி பத்மினி டாக்சி. இந்நகரில் டாக்சிக்கு 20 ஆண்டுதான் ஆயுள் என்பது விதி. அதன்படி 2023 அக்டோபர் 30-ந் தேதியிலிருந்து மும்பையில் பத்மினி டாக்சி இல்லை.

ஆனால் சொந்த உபயோகத்துக்கு வாங்கியவர்கள் வண்டியைக் கைவிடவில்லை. மாதுங்கா, சயான், செம்பூர் பக்கம் பழைய கட்டிடங்களின் வளாகத்தை எட்டிப் பார்த்தால், துணி போர்த்திய பத்மினி ஒன்றாவது கண்ணில் படும். அப்பா வாங்கியது என்று சிலர் வைத்திருக்கிறார்கள். முதல் சம்பாத்தியத்தில் வாங்கியது என்று சிலர்.

இவர்களில் பலருக்கும் உள்ள தொல்லை ஒன்றுதான். பெட்ரோல் ஊற்றும் வாயின் மூடி கசிகிறது. எஞ்சினுக்காக ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்கள் கூட இந்த மூடியைக் கவனிப்பதில்லை. கவனிக்காமல் விட்டால் காசு மட்டுமல்ல, உயிரும் போகக்கூடும்.

குர்லாவில் பிறந்த வண்டி

வால்சந்த் ஹீராசந்த் 1944-ல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கம்பெனிக்கு குர்லாவில் தொழிற்சாலை இருந்தது. இத்தாலியின் பியட் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து தயாரித்த வண்டி இது. 1960-களில் 'பியட் 1100 டிலைட்' என்று பெயர். பிறகு 'பிரீமியர் பிரெசிடெண்ட்' ஆயிற்று. 1974-ல் 'பிரீமியர் பத்மினி' ஆயிற்று. 1089 சி.சி. எஞ்சின். பெயர் எத்தனை முறை மாறினாலும் ஜனங்கள் வாயில் அது 'பியட்'தான்.

வண்டி தயாரிப்பு நின்று கால் நூற்றாண்டு ஆகிறது. இன்று ஓடுகிற பியட்டுகளில் பெட்ரோல் மூடி அசல் மூடியாக இருப்பது அபூர்வம். 1980-களில் பெட்ரோல் திருட்டுக்குப் பயந்து பூட்டு வைத்த மூடியைப் பலர் மாற்றிக் கொண்டார்கள். சிலர் வேறு வண்டியின் மூடியைப் போட்டிருக்கிறார்கள். தொல்லை பெரும்பாலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

மூடிக்குள் என்ன இருக்கிறது?

அந்தக் காலத்துக் கார் மூடிகளில் மூன்று உறுப்புகள் முக்கியம்.

முதலாவது, வாயின் விளிம்பில் படியும் வாஷர். கார்க்கிலோ ரப்பரிலோ செய்திருப்பார்கள். இரண்டாவது, மூடியைப் பிடித்துக் கொள்ளும் இரண்டு காதுகளும், வாஷரை அழுத்தும் வில் தகடும். மூன்றாவது, மூச்சுத் துளை. எஞ்சின் பெட்ரோலை உறிஞ்ச உறிஞ்ச, காலியான இடத்துக்குக் காற்று உள்ளே போக வேண்டும். அதற்காக ஊசித்துளை போல ஒரு வழி வைத்திருப்பார்கள்.

கார்க் வாஷர் காய்ந்தால் சுருங்கும். ரப்பர் வயதானால் கல்லாகும், வெடிக்கும். வில் தகடு தளரும். பங்கில் குழாய் மூக்கு இடித்து இடித்து வாயின் விளிம்பு நசுங்கும். இந்த நான்கில் ஒன்று இருந்தாலும் கசிவு உண்டு.

இப்போது ஐந்தாவதாக ஒன்றும் சேர்ந்திருக்கிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்து, 2025-க்குள் நாடெங்கும் பரவி விட்டது. இந்த வண்டிகளைச் செய்த நாளில் அப்படிப்பட்ட பெட்ரோலை யாரும் நினைத்துப் பார்த்ததில்லை. பழைய ரப்பர் எத்தனாலில் ஊறினால் சீக்கிரம் கெடும்.

வெயில் செய்யும் வேலை

"வண்டி நின்ற இடத்தில்தான் நிற்கிறது, எப்படிக் கசியும்?" என்று கேட்பவர்கள் உண்டு.

வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் பெட்ரோல் ஆயிரத்தில் ஒரு பங்கு போல விரியும். பங்கில் பெட்ரோல் பூமிக்கு அடியில் குளிர்ச்சியாக இருக்கிறது. அதை 35 லிட்டர் வாய்வரை நிரப்பி, வெயிலில் நிறுத்தி, 15 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட அரை லிட்டர் கூடுதலாகி விடும். அந்த அரை லிட்டர் போவதற்கு இடம் ஏது? மூடி வழியாகத்தான் வெளியேறும்.

ரயில்வே சரக்குப் பிரிவில் வேலை பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. எண்ணெய் டாங்கர் வாகனை ஒருபோதும் தளும்ப நிரப்புவதில்லை. விரிவதற்கு இடம் விட்டே மூடுவார்கள். பெரிய வாகனுக்கு உள்ள விதிதான் சின்னக் காருக்கும்.

செம்பூர்க்காரர் பட்ட பாடு

செம்பூரில் வசிக்கும் நம்மவர் ஒருவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். காலமான தகப்பனாரின் பத்மினியை வைத்திருக்கிறார். வாரத்தில் ஒரு நாள் மனைவியைக் கோயிலுக்கு அழைத்துப் போக அந்த வண்டிதான். சில மாதங்களாக, டாங்கை நிரப்பிய மறுநாள் எல்லாம் பெட்ரோல் வாடை. மூடிக்குக் கீழே பெயிண்டில் பழுப்புக் கோடு. வாடையில் தலைவலி வருகிறது என்று மனைவி வண்டியில் ஏற மறுத்தார்.

பிறகு கட்டிட சொசைட்டியிலிருந்து கடிதம் வந்தது. வண்டிக்கு நாலடி தள்ளித்தான் மின்சார மீட்டர் அறை. ஒரு வாரத்துக்குள் சரி செய்யாவிட்டால் வண்டி வளாகத்தில் நிற்கக் கூடாது என்று எழுதியிருந்தார்கள். வெளியே நிறுத்த இடம் கிடையாது. இடம் போனால் வண்டியையும் விற்க வேண்டியதுதான்.

பங்கில் ஒரு பையன் யோசனை சொன்னான். பிளாஸ்டிக் பையை மடித்து வாயில் போட்டு, அதன் மேல் மூடியைத் திருகுங்கள் என்றான். அப்படியே செய்தார். கசிவு நின்றது. வாடையும் போயிற்று.

மூன்றாம் நாள் சயான் சர்க்கிள் அருகே வண்டி நின்று போனது. கால் மணி நேரம் கழித்துக் கிளம்பியது. பிறகு மறுபடி நின்றது. ஒரு மெக்கானிக் பெட்ரோல் பம்பைப் பழித்தார். பம்பை மாற்றியும் குணமில்லை.

கடைசியில் தாராவியில் பட்டறை வைத்திருக்கும் திருநெல்வேலிப் பெரியவரிடம் போனார். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அவர் 'அண்ணாச்சி'. எஞ்சின் நின்ற நிலையில் அண்ணாச்சி பானட்டைத் திறக்கவில்லை. நேரே பின்பக்கம் போய்ப் பெட்ரோல் மூடியைத் திறந்தார். 'உஸ்' என்று சத்தம். காற்று உள்ளே பாய்ந்தது.

"சார், இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார். வண்டி உடனே கிளம்பிற்று.

"அண்ணாச்சி, பம்புக்கு வேறே தண்டமா செலவு பண்ணிட்டேனே" என்றார் செம்பூர்க்காரர்.

"பம்பு என்ன சார் செய்யும்? நீங்க அது மூச்சை அடைச்சுட்டீங்க" என்றார் அண்ணாச்சி.

மூச்சுத் துளையைப் பிளாஸ்டிக் மூடி விட்டது. பெட்ரோல் குறையக் குறைய டாங்கில் வெற்றிடம் உண்டாகி, பம்ப் இழுத்தும் பெட்ரோல் வரவில்லை. சற்று நேரம் நின்றால் இண்டு இடுக்கில் காற்று நுழைந்து வண்டி கிளம்பும். பிறகு மறுபடி நிற்கும்.

முதலில் சோதனை

மூடிதான் கசிகிறதா என்று முதலில் நிச்சயம் செய்து கொள்ள வேண்டும். ஊற்றும் குழாயையும் டாங்கையும் சேர்க்கும் ரப்பர் ஹோஸ் வெடித்திருந்தாலும் இதே வாடை வரும்.

மூடியைச் சுற்றித் துடைத்து, காய்ந்தபின் சாக்கட்டியால் தேய்க்க வேண்டும். வண்டியை இரண்டு பக்கமும் வளைத்து ஓட்டி வந்து பார்த்தால், சாக்கு நனைந்த இடம் கசிவைக் காட்டிக் கொடுக்கும். மூடிப் பக்கம் நனையாமல் டிக்கிக்குள் வாடை அடித்தால் ஹோஸைப் பார்க்க வேண்டும்.

அடுத்து வாஷர். ஆபீஸில் ரப்பர் ஸ்டாம்ப் குத்துவது போலத்தான் சோதனை. வாயின் விளிம்பில் சாக்குத் தூளை இலேசாகத் தடவி, மூடியை இறுகப் போட்டு எடுங்கள். வாஷரில் வெள்ளை வளையம் முழுதாக விழுந்திருந்தால் நல்லது. எங்கே அறுந்திருக்கிறதோ அங்கேதான் கசிவு. மூடியைச் சற்றுத் திருப்பிப் போட்டு இன்னொரு முறை பார்க்க வேண்டும். அறுந்த இடம் மூடியோடு நகர்ந்தால் குற்றம் வாஷரில். நகராவிட்டால் குற்றம் விளிம்பில்.

சரி செய்யும் முறை

வாஷர் கெட்டிருந்தால் மாற்றுவதுதான் வழி. சைக்கிள் டியூபை வெட்டிப் போடுவது நம்மவர்களின் பழக்கம். அது உதவாது. ஒரு துண்டைப் பெட்ரோலில் ஓர் இரவு ஊற வைத்து, ஊறாத துண்டின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வீங்கிப் பெருத்துக் கொழகொழவென்று இருக்கும். சிலிகான் பசையும் அப்படியே. பெட்ரோலில் வீங்கி உரிந்து வரும்.

கடையில் நைட்ரைல் ரப்பர் தகடு என்று கேட்க வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அதைவிட உயர்ந்தது விட்டான் என்கிற ரகம். விலை அதிகம்தான், ஆனால் தேவைப்படுவது உள்ளங்கை அளவு கூட இல்லை. பழைய வாஷரின் உள் அளவு, வெளி அளவு, கனம் மூன்றையும் பார்த்து வெட்ட வேண்டும். கனம் கூடினால் மூடி திரும்பாது, குறைந்தால் அழுத்தாது.

விளிம்பு நசுங்கியிருந்தால் சுத்தியல் எடுக்கக் கூடாது. கிரைண்டர் வேண்டவே வேண்டாம். ஒரு பொறி போதும், தீ பிடிக்க. வாய்க்குள் நல்ல துணியை அடைத்து, நைசான எமரித் தாளை மரக்கட்டையில் சுற்றிக் கையாலேயே மெதுவாகத் தேய்க்க வேண்டும். தூளைத் துடைத்த பிறகே துணியை எடுக்க வேண்டும். வில் தகடு தளர்ந்திருந்தால், மூடியைக் கழற்றித் தூரமாய்க் கொண்டு போய்க் குறட்டால் காதை ஒரு மயிரிழை வளைத்தால் பிடி இறுகும். அதிகம் வளைத்தால் ஒடிந்து விடும்.

மூச்சுத் துளையை மெல்லிய கம்பியால் குத்திச் சுத்தம் செய்ய வேண்டும். அதைப் பெரிதாக்கக் கூடாது. பெரிதானால் அதுவே கசியும்.

குர்லாவிலும் சோர் பஜாரிலும் பழைய சாமான் கடைகளில் மூடிகள் கிடைக்கின்றன. வாங்குமுன் பழைய மூடியைக் கையோடு கொண்டு போக வேண்டும். பிற்காலத்து வண்டி மூடிகள் பலவற்றில் இப்படி வெளிக்காற்றுக்குத் திறந்த துளை இல்லை. வாயில் அழகாகப் பொருந்தும். வண்டி பாதி வழியில் நிற்கும்.

செம்பூர்க்காரரின் மூடிக்குப் புது வாஷர் போட்டு, துளையைச் சுத்தம் செய்து கொடுக்க அண்ணாச்சிக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. வண்டியை மூடிப் பக்கம் தாழ்வாக இருக்கும்படி சரிவில் அரை மணி நேரம் நிறுத்திப் பார்த்தார்கள். சாக்கு நனையவில்லை. சொசைட்டி செயலாளர் வந்து முகர்ந்து பார்த்து விட்டுக் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக் கொண்டார். அடுத்த வெள்ளிக்கிழமை மனைவியும் வண்டியில் ஏறினார்.

மறக்கக் கூடாதவை

பெட்ரோல் ஆவி காற்றை விட மூன்று, நான்கு மடங்கு கனம். மேலே பறந்து போகாது. தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். எவ்வளவு குளிர்ந்த நாளிலும் பெட்ரோல் தீப்பற்றும் ஆவியை விட்டுக் கொண்டே இருக்கும். ஆகவே மூடி வேலையை வீட்டுக்குள்ளோ, அடைத்த கராஜிலோ செய்யக் கூடாது. பீடி, கொசுவர்த்திச் சுருள், பூஜை விளக்கு எதுவும் பக்கத்தில் ஆகாது. முடிந்த மட்டும் டாங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும் நாளில், காலை வெயில் ஏறுமுன் திறந்த வெளியில் செய்வது நல்லது. துடைத்த துணியைச் சுருட்டி டிக்கியில் போடாமல் வெளியே விரித்துக் காய வைக்க வேண்டும்.

பங்கில் குழாய் தானாக 'டக்' என்று நின்றதும் போதும் என்று சொல்லி விடுங்கள். "ரவுண்டாகப் போடட்டுமா?" என்று கேட்டுத் தளும்பத் தளும்ப ஊற்றினால், அந்தக் கடைசி அரை லிட்டர் உங்களுடையதல்ல. அது வெயிலுக்கும் தரைக்கும்தான்.

வருடத்துக்கு ஒரு முறை, மழைக்காலத்துக்கு முன்னால், மூடியைத் திருப்பி வாஷரை விரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று இருந்தால் இன்னொரு வருடம் ஓடும். நகம் பதியாமல் கல்லாக இருந்தால் அன்றே மாற்றி விடுங்கள்.