ஒண்முகிலின் ஒளியைச் சலித்தெடுத்தல்

மார்கழித் திருவாதிரைத் திருநாள் பெரும்பாலும் முழுநிலவை ஒட்டியே வரும். அன்றிரவு நிலவுக்குச் சற்றுத் தெற்கே, செம்மை கலந்த ஒளியுடன் நிற்கும் விண்மீனே ஆதிரை. அதிலிருந்து கிழக்கே, நீட்டிய கையின் மூடிய முட்டியளவு தள்ளி நோக்கினால் வெறும் வானமே தெரியும். ஆயினும் அவ்விடத்தில், முழுநிலவைப்போல் இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட அகலத்தில், மலர்போன்றதொரு வாயுத்திரள் விரிந்து கிடக்கின்றது. அதற்கு ரோசெட் நெபுலா என்று பெயர். ஏறத்தாழ 5,000 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது.

கீழச்சிவல்பட்டியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து, 80 மில்லிமீட்டர் வில்லையுடைய சிறு தொலைநோக்கியைக் கொண்டு நான் இதனைப் படமெடுப்பதுண்டு. தெருவிளக்கும் நிலவும் ஒளிரும் வானில், கண்ணுக்கே புலனாகாத ஒன்றை எவ்வாறு படமெடுக்க முடியும் என்று மாணவர்கள் வினவுகின்றனர். வருகின்ற ஒளியில் பெரும்பகுதியை வேண்டாமென்று தள்ளிவிடுவதால்தான் முடிகின்றது என்பதே என் விடை.

இது விந்தையாகத் தோன்றலாம். மங்கலான பொருளைக் காண ஒளி மிகுதியாக வேண்டுமல்லவா? ஆனால் எந்த ஒளி என்பதே இங்குக் கேள்வி. நிலவின் ஒளி, திரும்பி வரும் கதிரவன் ஒளியே. ஊதா முதல் சிவப்பு வரை எல்லா நிறங்களும் அதில் தொடர்ச்சியாக விரவியுள்ளன. நெபுலாவின் ஒளியோ அத்தகையதன்று. அதன் நடுவிலுள்ள வெப்பம் மிக்க இளம் விண்மீன்கள் வீசும் புறஊதாக் கதிர்கள், சுற்றியுள்ள ஹைட்ரஜன் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிய்த்தெறிகின்றன. எலெக்ட்ரான் மீண்டும் அணுவை அடைந்து, படிப்படியாக இறங்கும்போது, மூன்றாம் படியிலிருந்து இரண்டாம் படிக்கு வீழ்கையில் 656.3 நானோமீட்டர் அலைநீளமுடைய செவ்வொளி பிறக்கின்றது. ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு. இவ்வாறு குறிப்பிட்ட சில அலைநீளங்களில்தான் நெபுலாவின் ஒளி பெரும்பாலும் அடங்கிவிடுகின்றது.

ஆகவே, அவ்வலைநீளத்தைச் சுற்றி 7 நானோமீட்டர் மட்டும் புகவிடும் கண்ணாடி வடிகட்டியொன்றைக் காமிராவின் முன் பொருத்துகிறோம். கண்ணுக்குப் புலப்படும் நிறமாலையின் அகலம் சுமார் 300 நானோமீட்டர். எனவே நிலவொளியில் நாற்பதில் ஒரு பங்குக்கும் குறைவாகவே உள்ளே நுழையும். ஹைட்ரஜனின் செவ்வொளியோ பெரும்பாலும் அப்படியே நுழைந்துவிடும். சல்லடையில் உமி போக, மணி தங்குவது போலத்தான். ஆனால் இச்சல்லடை எல்லாவற்றுக்கும் உதவாது. கார்த்திகை மீன்களைச் சூழ்ந்த படலம் அவ்விண்மீன்களின் ஒளியைத் திருப்பி வீசும் தூசு. அதற்கென்று தனி நிறக்கோடு இல்லை. அங்கு இவ்வடிகட்டியைப் போட்டால் படலமும் மறைந்துபோகும்.

இவ்வேறுபாட்டை முதலில் கண்டவர் இங்கிலாந்தின் வில்லியம் ஹக்கின்ஸ். 1864இல் அவர் ஒரு நெபுலாவின் ஒளியை நிறமாலையாகப் பிரித்தபோது, தொடர்ந்த வண்ணப்பட்டைக்குப் பதில் தனித்த பச்சைக் கோடுகளைக் கண்டார். அக்கோடுகள் எந்தத் தனிமத்துக்கு உரியவை என்று விளங்காமையால், 'நெபுலியம்' என்றொரு புதுத் தனிமத்தையே அறிஞர்கள் கற்பித்துக்கொண்டனர். அறுபது ஆண்டுகளுக்கு மேல் அப்புதிர் நீடித்தது. 1927இல்தான் அமெரிக்கரான ஐரா போவென், இரண்டு எலெக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜனே அது என்று காட்டினார். நாம் சுவாசிக்கும் காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்குள் ஒன்றை அடுத்துப் பத்தொன்பது சுழிகள் இட்ட எண்ணிக்கையில் மூலக்கூறுகள் உள்ளன. நெபுலாவில் சில நூறோ சில ஆயிரமோதான். ஒன்றோடொன்று மோதாத அத்தனிமையில்தான் ஆக்சிஜன் 500.7 நானோமீட்டர் ஒளியை நிதானமாக உமிழ இயலும். நம் ஆய்வுக்கூடத்தில் அதற்கு அவகாசம் கிட்டுவதில்லை.

ஒரே நிறத்தில் வானைப் படமெடுக்கும் முறை நம் தமிழ்நாட்டுக்கும் புதியதன்று. கொடைக்கானல் வானாய்வுக் கூடத்தில் 1904 முதல் கால்சியத்தின் ஒளியிலும், 1912 முதல் மேற்சொன்ன ஹைட்ரஜன் செவ்வொளியிலும் கதிரவனைப் படமெடுத்தனர். வடிகட்டிக்குப் பதில் நிறமாலைக் கருவியின் நுண்ணிய பிளவு அங்குப் பயன்பட்டது.

இனிச் செய்முறை. பூமி சுழல்வதால் விண்மீன்கள் மணிக்கு 15 பாகை நகர்கின்றன; இரண்டே நிமிடத்தில் ஒரு நிலவகலம்! தொலைநோக்கியின் தாங்கியும் அதே வேகத்தில் திரும்ப வேண்டும். அதன் அச்சு வடதுருவத்தை நோக்க வேண்டும். நம் பகுதியில் துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல் 10 பாகையளவே உயர்ந்து நிற்கும். ஒரு தென்னை போதும், அதை மறைக்க! அப்பொழுது உச்சியை நெருங்கும் விண்மீன் ஒன்றைக் காமிராவில் நோக்கி, அது வடக்கிலோ தெற்கிலோ வழுகுவதைக் கண்டு அச்சைக் கிழமேலாகத் திருத்த வேண்டும். பின்பு கீழ்வானத்து விண்மீன் ஒன்றால் அச்சின் உயரத்தைத் திருத்த வேண்டும். இதற்கு ஒரு மணி நேரம் செலவிடத் தயங்காதீர்கள்.

ஐந்து நிமிடப் படங்கள் 36 எடுத்துக் கணிப்பொறியில் ஒன்றாகக் கூட்டுகிறோம். நெபுலாவின் ஒளி 36 மடங்காகும். ஒழுங்கற்ற இரைச்சலோ அதன் வர்க்கமூலமாகிய 6 மடங்கே பெருகும். தெளிவு ஆறு மடங்கு கூடுகின்றது. செவ்வொளி காற்றில் குறைவாகச் சிதறுவதால் ஹைட்ரஜன் படத்தை நிலவு நாளிலும் எடுக்கலாம். ஆக்சிஜனுக்கு நிலவற்ற இரவே நன்று. திருவாதிரையன்று மட்டும் நிலவு மிக அண்மையில் இருப்பதால் வேண்டாம். பத்து நாள் பொறுங்கள். தெருவிளக்கைப் பற்றியும் ஒரு சொல்: பழைய சோடிய விளக்கின் ஒளி பெரும்பாலும் மஞ்சளில் குவிந்திருந்தது, வெண்ணிற எல்.இ.டி. விளக்கோ நிறமாலை நெடுகப் பரவி, வடிகட்டியின் இடுக்கிலும் சிறிது புகுந்துவிடுகின்றது. விளக்கின் முகத்தைத் தரைநோக்கிக் கவித்தாலே பெருநன்மை உண்டு.

கந்தகத்தின் ஒளியும் ஹைட்ரஜனைப்போல் சிவப்பே. இரண்டையும் வேறுபடுத்த, கந்தகத்துக்குச் சிவப்பும், ஹைட்ரஜனுக்குப் பச்சையும், ஆக்சிஜனுக்கு நீலமும் தருவது வழக்கம். ஹப்பிள் தொலைநோக்கி 1995இல் எடுத்த கழுகு நெபுலாவின் தூண்கள் இவ்வாறே வண்ணம் பெற்றன. இது பொய்யென்பார் கூற்றை நான் ஏற்பதில்லை. தேசப்படத்தில் மலைக்குப் பழுப்பு தீட்டுவதில்லையா? எனினும் எந்த வண்ணம் எந்தத் தனிமத்துக்கு என்று படத்தின் கீழ் எழுதாமல் விடுவது முறையன்று.

பங்குனி முதிர்ந்தால் ரோசெட் அந்தியிலேயே மேற்கே சாய்ந்துவிடும். ஆனி இரவுகளில் தெற்கே தனுசு ராசியில் லகூன் நெபுலா எழும்; அடிவானத்துக்கு மேல் 56 பாகை உயரம் வரை வரும். மேகம் இடம் கொடுத்தால், அதே வடிகட்டியை மாற்றாமல் அப்பக்கம் திருப்பலாம்.