சிறு சக்கரமும் பெருஞ்சாலையும்



சறுக்குப் பலகையும், சக்கரக் காலணியும், காலால் உந்திச் செல்லும் ஸ்கூட்டரும் விடுமுறை நாள்களில் உங்களுக்கு இனிய தோழர்கள். அவை உடலுக்கு நல்ல பயிற்சியும் தருகின்றன. ஆயினும், வாகனங்கள் ஓடும் சாலை அவற்றுக்கு ஏற்ற இடமன்று. ஏன் என்பதை அறிந்துகொள்வோம்.

பெரியவர்களின் மிதிவண்டிச் சக்கரம் ஏறத்தாழ 60 செண்டிமீட்டர் குறுக்களவு உடையது. சறுக்குப் பலகையின் சக்கரமோ ஏறத்தாழ 5 செண்டிமீட்டரே. பெரிய சக்கரம் எளிதில் ஏறிக் கடக்கும் சிறு கல், சிறிய சக்கரத்தைச் சட்டென்று நிறுத்திவிடும். சக்கரம் நின்றாலும் உடல் நில்லாது. முன்னே போய் விழும். மேலும், சறுக்குப் பலகைக்குப் பிரேக் கிடையாது. தோட்டத்து மேட்டுச் சாலையில் இறங்கும்போது அதன் வேகம் கூடிக்கொண்டே போகும்.

அவ்வேளையில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று எதிரே வந்தால் என்னாகும்? மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி, ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். ஓட்டுநர் உங்களைக் கண்டு பிரேக்கை மிதிப்பதற்குள் அத்தூரம் கடந்துவிடும். பாரவண்டி நிற்பதற்கு அதன் பின்னும் பல மீட்டர் வேண்டும்.

மலேசியாவில் 2021 டிசம்பரில் நடப்புக்கு வந்த விதிகள், மின்ஸ்கூட்டர் போன்ற சிறு வாகனங்களைப் பொதுச் சாலையில் ஓட்டுவதைத் தடை செய்கின்றன. சிங்கப்பூரில் 2019 நவம்பர் 5 முதல் நடைபாதையிலும் மின்ஸ்கூட்டர் ஓட்டக்கூடாது.

ஆகவே, பின்வருவனவற்றை மனத்தில் பதியுங்கள்:

1. வாகனம் வராத சமதளத் திடலில், பெரியவர் பார்வையில் விளையாடுங்கள்.
2. தலைக்கவசமும், முழங்கால், முழங்கை உறைகளும் அணியுங்கள்.
3. சாலையைக் கடக்க நேர்ந்தால், இறங்கிப் பலகையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். சக்கரக் காலணியைக் கழற்றிவிடுங்கள். வலம், இடம், மீண்டும் வலம் பார்த்து நடந்து கடவுங்கள்.
4. ஓடும் வண்டியைப் பற்றிக்கொண்டு சறுக்காதீர்கள்.
5. நிற்கும் லோரியின் பின்னால் விளையாடாதீர்கள். ஓட்டுநருக்கு அங்கிருப்பவர் தெரியமாட்டார்.

பெற்றோர்களே! வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது, பிள்ளைகள் பின்னால் பிடித்துக்கொண்டு வர இடங்கொடாதீர். ஸ்கூட்டர் வாங்கித் தருமுன், அதை ஓட்டப் பாதுகாப்பான இடம் உண்டா என எண்ணிப் பார்ப்பீர். பொம்மையுடன் தலைக்கவசத்தையும் சேர்த்தே வாங்குவீர்.

சக்கரங்கள் திடலில் சுழலட்டும். பிள்ளைகள் நலமாய் வீடு திரும்பட்டும்!