திறமூலத் திட்டத்தைத் தனிக் களஞ்சியங்களாகப் பிரித்தல்

ஒரு மென்பொருளின் மூலநிரலும், அதில் யார், எப்போது, என்ன மாற்றினார் என்ற வரலாறும் சேர்ந்திருக்கும் இடம் களஞ்சியம் எனப்படும். திட்டம் வளர்ந்ததும் ஒரே களஞ்சியத்தைப் பலவாகப் பிரிப்பதுண்டு. எக்ஸ்.ஆர்க் வரைகலைத் திட்டம் 2005 டிசம்பரில் எக்ஸ்11ஆர்7.0 பதிப்பைத் தனித்தனிக் கூறுகளாக வெளியிட்டது. கேடிஈ திட்டம் தன் பெரிய நிரலகத் தொகுப்பைப் பிரித்து, 2014 ஜூலையில் பிரேம்வொர்க்ஸ் 5 என வெளியிட்டது. ஒரு பகுதி மட்டும் தேவைப்படுவோர் முழுவதையும் இறக்க வேண்டியதில்லை என்பதே இதன் பயன்.

பிரிக்கும்போது காக்க வேண்டியது வரலாறு. தென்னார்க்காடு மாவட்டம் 1993 செப்டம்பர் 30 அன்று பிரிக்கப்பட்டு விழுப்புரம் மாவட்டம் உருவானது. திண்டிவனம் அதில் சேர்ந்தது. திண்டிவனத்து நிலம் ஒன்றின் பழைய பத்திரத்தில் தென்னார்க்காடு என்றே இருக்கும். மாவட்டம் மாறியதால் அந்தப் பத்திரம் செல்லாமல் போவதில்லை. நிரலுக்கும் பழைய பதிவு அப்படித்தான். கோப்புகளை மட்டும் நகலெடுத்துப் புதிய களஞ்சியத்தில் இட்டால், எழுதியோர் பெயர்களும் தேதிகளும் பழைய இடத்திலேயே தங்கிவிடும். எல்லாவற்றையும் பிரித்தவரே எழுதியதுபோல் தோன்றும்.

கிட் பில்டர்-ரெப்போ என்னும் கருவி ஒரு கோப்புறையை அதன் வரலாற்றுடன் பிரித்துத் தரும். அது வரலாற்றைத் திருத்தி எழுதுவதால், புதிதாக எடுத்த நகலில்தான் பயன்படுத்த வேண்டும். கோப்புறைக்கு வெளியே உள்ள உரிமக் கோப்பு தானாக வராது. அதைத் தனியே சேர்க்க வேண்டும். பழைய களஞ்சியத்தில் புதிய முகவரியைக் குறிப்பிடுவதும் அவசியம்.

இரு பகுதிகளும் எப்போதும் சேர்ந்தே மாறுமானால், பிரிக்காமல் விடுவதே நல்லது.