சூட்டில் மீளும் குரல்

அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1948-ல் வரலாற்றாசிரியர் ஆலன் நெவின்ஸ் வாய்மொழி வரலாற்றுத் திட்டத்தைத் தொடங்கினார். அதன் ஆரம்ப ஆண்டுகளில் ஒரு வழக்கம் இருந்தது. பேட்டியை நாடாவில் பதிவார்கள், தட்டச்சு செய்வார்கள், பிறகு நாடாவை அழித்து அடுத்த பேட்டிக்கு எடுத்துக்கொள்வார்கள். எழுத்து கையில் இருக்கும்போது குரல் எதற்கு என்பது அன்றைய கணக்கு. தயக்கமும் கேலியும் வட்டார வழக்கின் இழுப்பும் தாளில் ஏறாது என்பது பின்னர்தான் உறைத்தது. அதன்பின் நாடாவே மூல ஆவணமானது.

ஆனால் பத்திரப்படுத்திய நாடாக்களிலும் சிக்கல் முளைத்தது. ஒலிநாடா என்பது மெல்லிய பிளாஸ்டிக் பட்டை. அதன்மேல் இரும்பு ஆக்சைடு துகள்கள் பூசப்பட்டிருக்கும். குரல் பதிவாகியிருப்பது அந்தத் துகள்களின் காந்தத் திசையில். காந்தம் எளிதில் மங்குவதில்லை. துகள்களைப் பிடித்து நிற்கும் பசைதான் முதலில் தோற்கிறது. 1970, 80-களின் பல நாடாக்களில் இருந்த பாலியூரித்தேன் பசை, காற்றின் ஈரத்தை உறிஞ்சிச் சிதைந்து பிசுபிசுக்கிறது. அப்படியே ஓட்டினால் நாடா கிறீச்சிடும். ரெக்கார்டரின் ஹெட்டில் பழுப்புப் பொடி ஒட்டும். உதிர்ந்த அந்தப் பொடியில்தான் பேட்டி இருந்தது.

இதற்கு வைத்தியம் சூடு! வெப்பம் ஏறாமல் இறங்காமல் நிற்கும் ஆய்வகப் பெட்டியில், சுமார் 50 முதல் 55 டிகிரி செல்சியஸில், 8 மணி நேரமோ அதற்கு மேலோ நாடாவை வைக்கிறார்கள். ஈரம் வெளியேறி, பசை தற்காலிகமாக இறுகுகிறது. சில வாரங்கள் தாங்கும். அதற்குள் நகலெடுத்துவிட வேண்டும். எல்லா நாடாவுக்கும் இது ஒத்துவராது. பாலியூரித்தேன் பசை நாடாக்களுக்கு முந்தைய தலைமுறை அசிடேட் நாடா சூட்டில் பாழாகிவிடும். சுருளை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்ப்பார்கள்: வெளிச்சம் ஊடுருவினால் அசிடேட், அடைத்தால் பாலியெஸ்டர்.

நகலில் ஒலியை வினாடிக்கு 96,000 முறை, ஒவ்வொரு முறையும் 24 பிட் நுட்பத்தில் அளந்து சேமிக்கிறார்கள். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரப் பேச்சுக்குச் சுமார் 2 ஜிபி ஆகும். எம்பி3 கோப்பு சிறியதுதான், ஆனால் காது கவனிக்காது என்று கருதும் ஒலிகளை அது வெட்டிவிடுகிறது. கேட்கக் கொடுக்க ஆகும், மூலமாக வைக்க ஆகாது.

கணினிக் கோப்பும் சத்தமில்லாமல் கெடும். அதனால் ஒவ்வொன்றுக்கும் கணிதமுறையில் ஒரு கைரேகை எடுத்து வைக்கிறார்கள். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் ரேகை முழுதாக மாறிவிடும். அவ்வப்போது ஒப்பிட்டு, கெட்டதை வேறு ஊரில் உள்ள நல்ல பிரதியால் மாற்றுகிறார்கள்.

2025-க்குள் எண்ம வடிவுக்கு மாறாத நாடாக்களை இழக்க நேரிடலாம் என்று ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015-லேயே எச்சரித்தது. ஓட்டும் இயந்திரங்களும் அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்களும் குறைந்துவருவதே முக்கியக் காரணம். எல்லாவற்றையும் காப்பாற்ற நேரமில்லாதபோது எந்தச் சுருளை முதலில் எடுப்பது? யார் பேசியது, எங்கே, எப்போது, யாரெல்லாம் கேட்கப் பேசியவர் சம்மதித்தார் என்ற குறிப்புள்ள சுருள் முன்னால் போகும். வெற்று உறைக்குள் இருப்பது வரிசையில் பின்தங்கும். வீட்டில் தாத்தா பாட்டி பேசிய கேசட் கிடந்தால், அதன்மேல் இன்றே பெயரும் தேதியும் எழுதிவையுங்கள்.