சீரம் வாங்கும் முன் புட்டியைத் திருப்பிப் பாருங்கள்

எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்த்தால் வைட்டமின் சி கிடைக்கும் என்று இன்றும் பல வீடுகளில் நம்புகிறார்கள். 100 மில்லி எலுமிச்சைச் சாற்றில் வைட்டமின் சி சுமார் 40 மில்லிகிராம்தான். சிட்ரிக் அமிலமோ சுமார் 5 கிராம். தோலுக்குப் போய்ச் சேர்வது எரிச்சல்தான். கடையில் விற்கும் 15 சதவீத சீரத்தில் அதே 100 மில்லிக்கு 15 கிராம் வைட்டமின் சி இருக்கிறது.

அந்த வைட்டமினின் உண்மையான பெயர் எல்-அஸ்கார்பிக் அமிலம். வெயிலால் தோலுக்குள் உருவாகும் கேடான மூலக்கூறுகளை அது தணிக்கிறது. கொலாஜன் உருவாகத் துணை நிற்கிறது. மெலனின் நிறமியை உண்டாக்கும் டைரோசினேஸ் நொதியை மட்டுப்படுத்துகிறது. பரு போன இடத்துக் கறை மெல்ல மங்குவது இதனால்தான். தண்ணீரில் கரையும் பொருள் என்பதால் எண்ணெய்ப் பசை மிகுந்த மேல்தோலைத் தாண்டி உள்ளே போக அது திணறும். அமிலத்தன்மை கூடுதலாக இருந்தால், அதாவது பிஹெச் 3.5-க்குக் கீழே இருந்தால்தான் இறங்கும். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத் தோல் மருத்துவர் ஷெல்டன் பின்னல் குழுவினர் 2001-இல் பன்றித் தோலில் சோதித்துக் காட்டியது இது. 20 சதவீதத்துக்கு மேல் சேர்த்தால் உறிஞ்சப்படும் அளவு கூடவில்லை என்பதையும் அவர்கள் கண்டார்கள். ஆகவே '30 சதவீதம்' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறதே என்று கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். புதிதாகத் தொடங்குபவருக்கு 10 சதவீதம் போதும்.

காற்றும் வெளிச்சமும் வெப்பமும் பட்டால் இந்த அமிலம் கெட்டுப்போகும். ஒரு துளியை வெள்ளை டிஷ்யூ தாளில் விட்டுப் பாருங்கள். தண்ணீர் நிறமோ வெளிர் வைக்கோல் நிறமோ இருந்தால் நல்லது. தேயிலைச் சாறு போலப் பழுப்பாக இருந்தால், எத்தனை விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் தூக்கிப்போட வேண்டியதுதான். நம் ஊர் வெயிலுக்கு 15 மில்லி, 20 மில்லி அளவுள்ள கருநிறப் புட்டியே சரி, ஃப்ரிட்ஜில் வைத்துக்கொள்ளலாம். வைட்டமின் ஈ-யும் ஃபெருலிக் அமிலமும் சேர்த்த சீரம் கொஞ்சம் கூடுதல் நாள் தாங்கும், வெயில் பாதிப்பையும் கூடுதலாகத் தடுக்கும். எரிச்சல் தாங்காத தோலுக்கு சோடியம் அஸ்கார்பில் பாஸ்பேட் போன்ற மாற்று வடிவங்கள் இருக்கின்றன. அவை சாது, எளிதில் கெடாது. ஆனால் பலன் குறித்த சான்றுகள் குறைவு.

வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த ரெட்டினாலின் கதை வேறு. அதன் மூத்த உறவான ட்ரெட்டினாயின் 1971-இல் அமெரிக்காவில் முகப்பரு மருந்தாக அனுமதி பெற்றது. வெயிலால் வந்த சுருக்கங்களும் அதனால் குறைகின்றன என்று பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் கிளிக்மன் 1986-இல் எழுதினார். இதே கிளிக்மன்தான் பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகளின் தோலில் ஆண்டுக்கணக்கில் சோதனைகள் நடத்தியவர். இந்த மருந்தைப் பற்றிப் பேசும்போது அந்த மனிதர்களையும் நினைக்க வேண்டும்.

ட்ரெட்டினாயின் நேரடியாக வேலை செய்யும். மருத்துவர் சீட்டு வேண்டும். ரெட்டினால் தோலுக்குள் போய், ரெட்டினால்டிஹைடாக மாறி, பிறகே ட்ரெட்டினாயினாகும். ரெட்டினைல் பால்மிடேட்டுக்கு இன்னும் ஒரு படி கூடுதல். ஒவ்வொரு படியிலும் வீரியம் குறையும், எரிச்சலும் குறையும். முகத்துக்கான பொருள்களில் ரெட்டினாலுக்கு 0.3 சதவீதம்தான் உச்சவரம்பு என்று ஐரோப்பிய ஒன்றியம் விதித்திருக்கிறது. நமக்கு 0.1-இல் தொடங்குவதே நல்லது.

லேபிளில் ஒரு நுட்பம் இருக்கிறது. அதிகமாக உள்ள பொருள் முதலில் வரும். ஒரு சதவீதத்துக்குக் குறைந்தவை கடைசியில் எந்த வரிசையிலும் வரலாம். அதனால் ரெட்டினால் பட்டியலின் வாலில் இருந்தால் ஏமாற்று என்று எண்ணிவிடாதீர்கள். ஆனால் 'வைட்டமின் சி சீரம்' என்று பெயர் வைத்துவிட்டு அஸ்கார்பிக் அமிலத்தை வாலில் போட்டிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். ரெட்டினாலை அலுமினிய ட்யூபிலோ காற்றுப் புகாத பம்பிலோ வாங்குங்கள். வாய் அகன்ற டப்பா வேண்டவே வேண்டாம்.

வைட்டமின் சி காலையில், ரெட்டினால் இரவில். இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்காதீர்கள். ரெட்டினால் முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவுதான். முகம் நன்றாகக் காய்ந்தபின், முதலில் வாரத்துக்கு இரண்டு இரவு தடவி, மேலே மாய்ஸ்சரைசர் போடுங்கள். தோல் லேசாக உரிவது இயல்பு. எரிந்து சிவந்தால் நிறுத்திவிடுங்கள். மாநிறம், கருநிறத் தோலில் எரிச்சல் கறையாக மாறி மாதக்கணக்கில் நிற்கும். பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும்.

சிவப்பழகு தரும் என்று கைமாறும் கலவை க்ரீம்கள்தான் எனக்குப் பெரிய கவலை. ட்ரெட்டினாயினோடு ஹைட்ரோகுவினோனும் ஸ்டீராய்டும் சேர்ந்தவை இவை. மங்குக்கு மருத்துவர் சில வாரம் மட்டும் எழுதித்தர வேண்டிய மருந்தை, ஆண்டுக்கணக்கில் பவுடர் போலப் பூசுகிறார்கள். தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் வெளியே தெரிந்து, நிறுத்தினால் முகமே நெருப்பாய் எரியும். இத்தகைய ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் இந்திய அரசு விதியை இறுக்கியது. மொமெடாசோன், குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்ற பெயர்கள் ட்யூபில் இருந்தால் அது அழகுப் பொருளே அல்ல. ஏற்கெனவே பூசிவருபவர்கள் தாமாக நிறுத்தாமல் தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

கர்ப்பிணிகளும் கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களும் ரெட்டினால் வகை எதையும் தொட வேண்டாம். மற்றவர்கள், கையில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறதென்றால், இரண்டையும் விட்டுவிட்டு எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனை முதலில் வாங்குங்கள்.