பென் டிரைவுக்குள் பூட்டிய மின்னூட்டம்

தருமபுரியிலிருந்து சேலம் போகும் தனியார் பேருந்துகளில் பாட்டுப் பெட்டியில் ஒரு பென் டிரைவ் செருகியிருக்கும். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் வண்டி எவ்வளவு குலுங்கினாலும் பாட்டு நிற்காது. கேசட்டில் நாடா ஓட வேண்டும், சிடி சுழல வேண்டும். பென் டிரைவுக்குள் அசையும் பாகம் ஒன்றுகூடக் கிடையாது. இடம் மாறுபவை எலக்ட்ரான்கள் மட்டும்தான்.

பழைய பென் டிரைவ் ஒன்றைப் பிரித்தால் பெரும்பாலும் இரண்டு கறுப்புச் சில்லுகள் தெரியும். ஒன்று கட்டுப்பாட்டுச் சில்லு, மற்றது நினைவகம். நினைவகத்தில் நூற்றுக்கணக்கான கோடி டிரான்சிஸ்டர்கள், ஒவ்வொன்றும் ஒரு நினைவக அறை. ஒவ்வொன்றின் நடுவிலும் எந்தக் கம்பியோடும் சேராத ஒரு சிலிக்கான் துணுக்கு தீவுபோல் நிற்கிறது. அதைச் சுற்றியிருப்பது சிலிக்கான் டை ஆக்சைடு சுவர். தருமபுரி கிரானைட்டில் மினுங்கும் குவார்ட்ஸும் அதே பொருள்தான், மின்சாரத்தைக் கடத்தாது. சுவரின் தடிமன் சுமார் 8 நானோமீட்டர், தலைமுடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு.

அந்தச் சுவரை எலக்ட்ரான் எப்படித் தாண்டுகிறது? ஏறக்குறைய 20 வோல்ட் கொடுத்தால், சுவர் உடையாமலே எலக்ட்ரான் மறுபக்கம் போய்விடுகிறது. குவாண்டம் இயற்பியல் இதைத் துளைத்தல் விளைவு என்கிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்காத இடம் இது. யூஎஸ்பி தருவதோ 5 வோல்ட். மீதியைச் சில்லே தனக்குள் உயர்த்திக்கொள்கிறது. மின்சாரத்தை நிறுத்தியதும் எலக்ட்ரான்கள் உள்ளேயே தங்கிவிடும். நிறைந்த தீவு 0, காலியானது 1. இப்போது எட்டு அளவுகளைப் பிரித்தறிந்து ஒரே அறையில் மூன்று பிட்கள் வைக்கிறார்கள். புதிய சில்லுகள் பலவற்றில் தீவுக்குப் பதில் சிலிக்கான் நைட்ரைடு படலம், தத்துவம் அதேதான்.

இந்தத் தீவை 1967இல் பெல் ஆய்வகத்தில் டாவன் காங்கும் சைமன் சீயும் உருவாக்கினார்கள். அறைகளைக் கூட்டமாக ஒரே நொடிப்பொழுதில் அழிக்கும் ஃபிளாஷ் நினைவகத்தை 1984இல் அறிவித்தவர் தோஷிபாவின் ஃபுஜியோ மசுவோகா.

எழுதி அழிக்கும் ஒவ்வொரு முறையும் சுவர் கொஞ்சம் பழுதாகிறது. எலக்ட்ரான்கள் மெல்லக் கசிகின்றன. வெப்பம் கசிவை விரைவாக்கும். இதே ஃபிளாஷ் நினைவகம் கொண்ட வீட்டு உபயோக எஸ்எஸ்டி, எழுதும் ஆயுளை முடித்தபின் மின்சாரம் இல்லாமல் 30 டிகிரியில் ஓராண்டு தாங்கினால் போதும் என்பதே தொழில்துறைத் தரம். தருமபுரியின் சித்திரை வெயில் அதைவிடக் கடுமையானது. அதிகம் எழுதாத பென் டிரைவ் பல ஆண்டு தாங்கலாம். ஆனால் கல்யாண வீடியோவை அதை மட்டும் நம்பிப் பீரோவில் பூட்டி வைக்காதீர்கள். ஹார்டு டிஸ்கில் இன்னொரு பிரதியை இன்றே எடுத்து வையுங்கள்.