வலி நின்றது; நோய் நின்றதா?

இரவு மணி இரண்டு. ஒற்றை அறை வீட்டில் பிள்ளைகள் உறங்குகின்றனர். குடும்பத் தலைவர் மட்டும் கன்னத்தைக் கையால் தாங்கியபடி சுவரில் சாய்ந்து அமர்ந்திருக்கிறார். படுத்தால் வலி இரு மடங்காகிறது. விடிந்தால் வேலைக்குப் போக வேண்டும். ஒரு நாள் நின்றால் ஒரு நாள் கூலி போய்விடும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையை விழுங்குகிறார். மூன்றாம் நாள் வலி தானாகவே நின்றுவிடுகிறது. வீட்டார் நிம்மதி அடைகின்றனர்.

அன்பான வாசகர்களே, பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்த நம் குடும்பங்கள் பலவற்றில் இது நடந்திருக்கும். ஆனால் இப்படி வலி நிற்பது, பல நேரங்களில் நோய் முற்றியதன் அடையாளம்.

பல்லுக்குள் நடப்பது என்ன?

பல்லின் மேலுறை எனாமல். நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான். அதன் கீழே டென்டின். நடுவே நரம்பும் இரத்தக் குழாய்களும் அடங்கிய பற்கூழ். நாம் உண்ணும் இனிப்பை வாயிலுள்ள பாக்டீரியாக்கள் அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் எனாமலைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. எனாமலில் நரம்பு இல்லை. ஆகவே சொத்தை தொடங்கும்போது வலிப்பதில்லை.

சொத்தை டென்டினை எட்டியதும், குளிர்ந்த நீர் பட்டவுடன் பல் சுரீரென்று கூசும். சில நொடிகளில் அடங்கும். இது முதல் எச்சரிக்கை. இப்போது சென்றால் பெரும்பாலும் பல்லை அடைப்பதோடு முடிந்துவிடும்.

அடுத்துக் கிருமிகள் பற்கூழைத் தாக்குகின்றன. உடலின் வேறிடத்தில் வீக்கம் கண்டால் தசை விரிந்து இடம் கொடுக்கும். பற்கூழைச் சுற்றியிருப்பதோ கல் போன்ற சுவர். உள்ளே அழுத்தம் ஏறுகிறது. சூடான தேநீர் பட்டால் வலி நெடுநேரம் நீடிப்பதும், காரணமின்றி விண்விண்ணென்று தெறிப்பதும், படுத்தவுடன் தலைப்பக்கம் இரத்த அழுத்தம் கூடி வலி பெருகுவதும் இதனால்தான். இப்போது பெரும்பாலும் வேர் சிகிச்சை தேவைப்படும். இல்லையேல் பல்லை எடுக்க நேரிடும்.

இறுதியில் பற்கூழ் மடிகிறது. உணர்வதற்கு நரம்பு இல்லாததால் வலி நிற்கிறது. கிருமிகளோ வேரின் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கிச் சீழ் கட்டுகின்றன. வாரங்களோ மாதங்களோ கழித்துக் கன்னம் வீங்கும்போதுதான் நமக்கு உண்மை தெரிகிறது.

இரவைக் கடப்பது எப்படி?

வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பிட்டுக் கொப்பளியுங்கள். துணியில் சுற்றிய பனிக்கட்டியால் கன்னத்தின் வெளிப்புறம் ஒத்தடம் கொடுங்கள். தலையை உயர்த்திப் படுங்கள். பெரியவர்கள் 500 மில்லிகிராம் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றோ இரண்டோ எடுக்கலாம். 6 மணி நேர இடைவெளி வேண்டும், ஒரு நாளில் 8 மாத்திரைகளைத் தாண்டக் கூடாது. கல்லீரல் நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே எடுக்க வேண்டும். கிராம்புத் தைலத்தில் உள்ள யூஜினால் சிறிது நேரம் மரத்துப்போகச் செய்யும். பஞ்சில் ஒரு துளி போதும். மிகுந்தால் ஈறு வெந்துவிடும்.

ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் வைத்து அடக்காதீர்கள், அதுவும் புண்ணாக்கும். மகாராஷ்டிரத்தில் பல் வலிக்கென்று பலர் தேய்க்கும் மிஷ்ரி, கருக்கிய புகையிலைத் தூளே. புகையிலை கலந்த பற்பொடிக்கும் பற்பசைக்கும் இந்திய அரசு 1992-இல் தடை விதித்தது. ஆன்டிபயாடிக் மாத்திரையையும் நாமாக வாங்கி விழுங்கலாகாது. பற்கூழ் அழற்சியின் வலியை அது தீர்ப்பதில்லை.

தாமதிக்கக் கூடாத அடையாளங்கள்

காய்ச்சலுடன் முகமோ தாடையின் அடிப்புறமோ வீங்குதல், வாய் திறக்க இயலாமை, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் – இவற்றில் எது கண்டாலும் அந்த நேரமே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். சீழ் கழுத்துக்குப் பரவினால் மூச்சுக்குழல் அடைபட்டு உயிருக்கே ஆபத்து. நீரிழிவு உள்ளவர்கள் கூடுதல் கவனமாயிருக்க வேண்டும். நடக்கும்போதோ படியேறும்போதோ கீழ்த்தாடை வலித்து, மார்பு இறுக்கமும் வியர்வையும் சேர்ந்தால், அது இதய நோயாகவும் இருக்கலாம்.

செலவுக்கும் பயத்திற்கும்

மேல் பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை போய்விடும் என்ற அச்சம் நம்மவரிடையே இன்றும் உண்டு. பல்லின் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு, அஞ்ச வேண்டியதில்லை.

தனியார் மருத்துவச் செலவு இயலாதவர்களுக்கு அரசு நிறுவனங்கள் உள்ளன. மும்பையில் சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ் அருகே அரசு பல் மருத்துவக் கல்லூரியும், மும்பை சென்ட்ரலில் மாநகராட்சியின் நாயர் பல் மருத்துவக் கல்லூரியும் உள்ளன. பெங்களூரில் விக்டோரியா மருத்துவமனை வளாகத்திலும் அரசு பல் மருத்துவக் கல்லூரி உண்டு. டெல்லியில் மௌலானா ஆசாத் பல் மருத்துவ நிறுவனம் இருக்கிறது. மொழி தெரியவில்லையே என்று தயங்குவோர், தெரிந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லலாம்.

இந்த வாரமே ஒரு மாலை, பிள்ளைகளின் வாயை வெளிச்சத்தில் திறந்து பாருங்கள். கடைவாய்ப் பல்லில் கரும்புள்ளியோ குழியோ தெரிந்தால், வலிக்கும்வரை காத்திராதீர்கள். இன்று அரை நாள் கூலியை இழந்தால், நாளை ஒரு பல்லையும் பல நாள் கூலியையும் காத்துக்கொள்ளலாம்.